கியர் இறக்கும் பக்குவம்

தில்லி ரிங் ரோடில் ஒரு மழை நாள் மாலை. மகளைப் பின்னால் அமர்த்தி மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. அவசரத்தில் நான்காம் கியரிலிருந்து இரண்டாவதற்கு ஒரேயடியாக இறக்கிக் கிளச்சை வெடுக்கென்று விட்டேன். எஞ்சின் அலறிற்று, பின்சக்கரம் ஈரத் தரையில் வழுக்கிற்று. குழந்தையின் தலைக்கவசம் என் முதுகில் மோதியது. வீழாமல் தப்பியது எங்கள் நல்லூழே!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிழை எங்கே என்று எண்ணிப் பார்த்தேன். கியரைக் குறைத்தால், அதே வேகத்துக்கு எஞ்சின் மேலும் விரைந்து சுழல வேண்டும். அவ்விரைவை நாம் அளிக்காவிடில், சக்கரமே எஞ்சினைச் சுழற்ற நேரிடுகிறது. அச்சுமை தாங்காது தரைப்பிடிப்பை இழக்கிறது.

ஆகவே, முதலில் பிரேக்குகளால் வேகத்தைத் தணிக்க வேண்டும். பின்னர் கிளச்சைப் பிடித்து, ஒரே ஒரு கியர் இறக்கி, ஆக்ஸிலரேட்டரைச் சிறிதே முறுக்கி, கிளச்சை மெல்ல விடவேண்டும். இவ்வாறு படிப்படியாக இறங்கி, நிற்குந் தறுவாயில் கிளச்சைப் பிடித்தபடியே முதல் கியருக்கு வந்துவிடலாம்.

சின்னாட்கள் பழகினேன். நேற்று அதே விளக்கருகே, "அப்பா, வண்டி நின்றுவிட்டதா?" என்று வினவினாள் மகள். இதனினும் சிறந்த நற்சான்று எனக்கு வேண்டுவதில்லை.