முகத்துக்கு வெளிச்சம் வைக்கிறவர்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் கோட்டுச்சேரி கடைத்தெருவை நெருங்கும்போது, கடைப் பெயர்களுக்கு முன்னால் முகங்கள்தான் கண்ணில் படுகின்றன. கடைத் திறப்பு, குடமுழுக்கு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கும் பிளெக்ஸ் வைக்கிறார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தொழிலதிபர்கள், ஒப்பந்தக்காரர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவற்றில் பாதிக்குமேல் கைபேசியில் எடுத்த முகங்கள். வாட்ஸப்பில் பல கை மாறி வந்ததில் கண் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்த ஒருவரின் தோளில், பக்கத்தில் நின்றவருடைய விரல்கள் அப்படியே ஒட்டியிருந்தன. வருடக்கணக்கில் உழைத்து ஒரு கடையைத் தூக்கி நிறுத்தியவர், ஊரே பார்க்கும் இடத்தில் தன் முகத்தை இப்படி விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த முகத்தைச் சரியாக எடுக்கத் தெரிந்தவர் அதே தெருவில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அவர் கடையின் முன்பக்கம் ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தரும் கணினி. வருமானத்தில் பெரும்பங்கு அங்கேதான் வருகிறது. திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஸ்டுடியோ அறை. பின்துணிகள் தொங்கும் கம்பி, முதுகில்லாத ஸ்டூல், ஒரு குடை விளக்கு, வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி விளக்கு, சுவரில் சாய்த்த தெர்மாகோல் அட்டை. கண்ணாடிக்குக் கீழே சீப்பு, பவுடர் டப்பா, வருகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புக் கோட்டு. ஸ்டுடியோக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. மீசை அரும்பும் வயதில் மயிலாடுதுறை ஸ்டுடியோ ஒன்றின் டார்க் ரூமில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். அவர் மனைவி கட்டரில் படம் வெட்டுகிறார், கணக்கும் அவர் பொறுப்பு. கணினியில் டச்சிங் பார்ப்பது பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு இளம்பெண்.

நான் இருந்தபோது ஒரு கட்டட காண்ட்ராக்டர் வந்தார். சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பும் ப்ரொஃபைலில் வைக்கப் படம் வேண்டுமாம். வேலை நடக்கிற இடத்திலிருந்து நேரே பைக்கில் வந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை, புருவத்தில் சிமெண்டுத் தூசு. “சட்டுன்னு ஒண்ணு எடுத்து விடுங்கண்ணே, சைட்ல கான்கிரீட் போயிட்டிருக்கு” என்றார். ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தொடவே இல்லை. “மொகம் கழுவிட்டு வாங்க தம்பி. ஃபேனுக்குக் கீழ கொஞ்சம் உக்காருங்க.” வியர்வை அடங்கும்வரை விளக்கையும் போடவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனா, பில் கட்டு, கைபேசி எல்லாவற்றையும் வாங்கி மேசைமேல் வைத்தார். பை உப்பியிருந்தால் படத்தில் தோள் சரிந்ததுபோல விழும் என்று எனக்கு விளக்கினார்.

பிறகு வெளிச்சம். பெட்டி விளக்கைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்வாக வைத்தார். நிழல் விழும் மறுகன்னத்துக்கு அருகில் தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அட்டையை ஒரு சாண் நகர்த்தியதும் கன்னத்துக் குழி நிரம்பியது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் முகம் தட்டையானது. பின்னாலிருந்து சிறு விளக்கு ஒன்று தலைமுடியின் விளிம்பைத் தொட்டது. அது இல்லையென்றால் நம் கறுத்த முடி அடர்ந்த பின்துணியில் கரைந்துபோகும். “நம்ம தோலுக்கு வெளிச்சத்தக் கொட்டக் கூடாது, தடவணும்” என்றார். சின்ன விளக்கைக் கிட்டத்தில் அடித்தால் மாநிறத் தோலில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் வெள்ளையாகத் தெறிக்கும், மற்ற இடம் இருண்டுவிடும். பெரிய துணி வழியாக வரும் வெளிச்சம் முகத்தைச் சுற்றி வருகிறது.

வெள்ளைச் சட்டை இன்னொரு சிக்கல். நம் வியாபாரிகளில் பெரும்பாலோர் படத்துக்கென்று வெள்ளைச் சட்டைதான் போடுகிறார்கள். கேமராவின் மீட்டரோ எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. சட்டகம் முழுக்க வெள்ளை நிறைந்திருந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அதில் பலியாவது முகம். அதனால் அவர் மீட்டரை நம்புவதில்லை. கன்னத்தைப் பார்த்துக் கையாலேயே அளவு வைக்கிறார். வண்ணப் புகைப்படத் தொழில் நம் முகங்களை மனதில் வைத்து வளர்ந்ததில்லை. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய வண்ணச் சரிபார்ப்பு அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகம்தான் இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்த முகத்துக்குச் சரியாக வந்தால் எல்லா முகத்துக்கும் சரி என்று வைத்துக்கொண்டார்கள். சிறுநகரத்து ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் கண்ணாலும் கையாலும் அதைத் திருத்திக்கொண்டது யாரும் எழுதிவைக்காத அறிவு.

ஆறடி தள்ளி முக்காலியை நிறுத்தி, 85 மி.மீ. லென்ஸ் மாட்டினார். இந்தத் தூரத்துக்குக் காரணம் உண்டு. கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு கேமராவுக்கு மிக அருகிலும் காது தள்ளியும் இருப்பதால் முகத்தின் அளவுகளே மாறிவிடுகின்றன. 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடித் தெரியும் என்றும், ஐந்தடியில் அந்தக் கோணல் அநேகமாக இருக்காது என்றும் கணக்கிட்டது. இவர் அந்த ஆய்வைப் படித்தவரில்லை. “கிட்ட போனா மூக்குதான் வரும், ஆள் வரமாட்டாரு” என்று தன் குரு சொன்னதை வைத்திருக்கிறார்.

எல்லாம் அமைந்தும் அவர் பொத்தானை அழுத்தவில்லை. “மொத வீடு யாருக்குத் தம்பி கட்டுனீங்க?” என்று கேட்டார். காண்ட்ராக்டர், அக்கா வீடு என்றார். அஸ்திவாரம் போட்ட அன்று பெய்த மழையைப் பற்றி, மச்சான் காசு தராமல் இழுத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். இறுகியிருந்த தாடை தளர்ந்தது, கண் விரிந்தது. “தாவாங்கட்டைய லேசா எறக்குங்க... அவ்ளோதான்.” பிளாஷ் அடித்தது. வேலை தெரிந்த, வாக்குக் கொடுத்தால் முடித்துத் தரக்கூடிய ஒரு மனிதர் திரையில் இருந்தார். காண்ட்ராக்டர் கொஞ்ச நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வகைப் படங்களை நம்மவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அங்கே நின்றபோது எனக்குத் தெளிவானது. இரண்டுமே பாரிஸில் பிறந்தவை. 1854-இல் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர், ஒரே தட்டில் பல சிறு படங்கள் எடுத்து அட்டையில் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் அந்த அட்டைப் படங்களை மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். தன்னைப் பிறர் எப்படி அறிய வேண்டும் என்று விரும்பி எடுத்துக்கொண்ட படம் அது. 1880-களில் அதே ஊர்ப் போலீசில் பெர்த்தியோன் என்பவர், குற்றவாளிகளை நேராகவும் பக்கவாட்டிலும் ஒரே அளவில் எடுக்கும் ஒழுங்கை வகுத்தார். நிழல் கூடாது, சிரிப்பு கூடாது, அளவு மாறக் கூடாது. இன்றைய பாஸ்போர்ட் படம் இரண்டாவதன் வாரிசு. அதிகாரியிடம் காட்ட அது போதும். வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டியது முதலாவது. நாமோ ஜிஎஸ்டி பதிவுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் எடுத்த படத்தையே பிளெக்ஸிலும் விசிட்டிங் கார்டிலும் வாட்ஸப் பிசினஸ் கணக்கிலும் போட்டுக்கொள்கிறோம்.

அடையாளப் படமும் எளிய வேலை இல்லை. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களும் பிரெஞ்சுப் படையில் இருந்ததற்கான ‘சொல்தா’ பென்ஷன் வாங்கும் வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு. பிரான்சு கேட்கும் படம் 35-க்கு 45 மி.மீ.; தாடையிலிருந்து உச்சந்தலைவரை 32 முதல் 36 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பின்னணி வெளிர்சாம்பலோ வெளிர்நீலமோ இருக்கலாம், வெள்ளை மட்டும் கூடாது. அமெரிக்க விசாவுக்கோ இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியக் கூடாது. மாற்றி எடுத்துக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும், ஒரு குடும்பத்தின் பயணம் தள்ளிப்போகும். அதற்காகவே சாம்பல் துணி ஒன்றைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தனியாக வைத்திருக்கிறார்.

டச்சிங் செய்யும் பெண்ணிடம் உட்கார்ந்தேன். “கலர் ஏத்தி விடுங்கன்னுதான் சார் மொதல்ல கேப்பாங்க” என்றார். ஸ்டுடியோக்காரர் அவருக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருக்கிறார்: அடுத்த வாரம் மறையப்போகும் பருவை எடுக்கலாம், மச்சத்தையும் தழும்பையும் தொடக் கூடாது. ஆனால் நிறத்தில் அந்த விதி நிற்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டால் ஏற்றித்தான் கொடுக்கிறார்கள். இல்லையென்றால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவின் முகத்தைக் கோதுமை நிறமாக்கி அட்டையில் அச்சடித்தால், கடைக்கு வருகிறவர் அட்டையில் இருப்பவரைத் தேடுவார். ஆளும் படமும் பொருந்தாத இடத்தில் முதல் சந்திப்பிலேயே ஒரு சந்தேகம் விழுகிறது. வெயிலில் நின்று சம்பாதித்த நிறத்தை மறைக்கச் சொல்லும் வெட்கத்தை நாம் விட வேண்டும்.

படத்தின் வலிமையைப் பற்றி உளவியலாளர்கள் சொன்னது இங்கே பொருந்தும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டொடொரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே நம்பகமானவரா இல்லையா என்று மக்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். 2014-இல் டொடொரோவும் போர்ட்டரும் செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது: ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைக் காட்டியபோது அவரைப் பற்றிய மதிப்பீடு படத்துக்குப் படம் மாறியது. மக்கள் அப்படி எடுக்கும் முடிவு நியாயமானது என்று நான் சொல்லவரவில்லை. முகம் பார்த்து மனிதரை எடைபோடுவது பலமுறை தவறாகப் போகிறது. ஆனால் எடைபோடுகிறார்கள். அப்படியிருக்க, அவசரத்தில் எடுத்த ஒரு படம் ஒருவரின் பிழைப்பைப் பற்றிப் பேச ஏன் அனுமதிக்க வேண்டும்?

ஒரு சின்னப் படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் டெல்டாவிலேயே ஒரு சாட்சி. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜத்தின் முகமாக நமக்குத் தெரிவது, 1919-இல் அவர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது வைத்திருந்த பாஸ்போர்ட்டின் படம். அவரோடு கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கணிதவியலாளர் ஹார்டி கேட்டுக்கொண்டதால், 1936-இல் இந்தியா வந்த வானியற்பியலாளர் சந்திரசேகர், சென்னையில் இருந்த ராமானுஜத்தின் மனைவி ஜானகி அம்மாளிடம் அதைத் தேடிப் பெற்றார். நோயில் மெலிந்திருந்தும் கண்ணில் சுடர் குறையாத அந்த முகத்தை வைத்துத்தான் பின்னாளில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் மார்பளவுச் சிலை செய்தார். எடுத்தவர் யாரென்று யாரும் கேட்பதில்லை.

ஸ்டுடியோக்காரரின் அலமாரியில் பென்சில்கள் இன்னும் இருக்கின்றன. ஊசி போலச் சீவி, நெகடிவின் பின்னால் விளக்கு வைத்து, கண்ணுக்கடியிலுள்ள கருவளையத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்புவார்களாம். உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமிலும் பேப்பரிலும் அவர் தொழில் பழகினார். அந்த ஆலை இன்று இல்லை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால் சித்திரை வெயிலில் ஐஸ் கட்டி வாங்கி வந்து தொட்டியைச் சுற்றி அடுக்கிய கதையைச் சொன்னார். கடற்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இன்றும் தீராத தொல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி கோட்டுச்சேரிமேடு உள்ளிட்ட கடலோரக் குப்பங்களை அடித்தபோது வீட்டுப் படங்களும் போயின. அதற்குப் பிறகு வந்த மாதங்களில், எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தின் நெகடிவ் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் மனைவி கட்டரை நிறுத்திவிட்டார். இருந்தவற்றைக் காசு வாங்காமல் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆதாருக்கும் அதன் பதிவு மையத்திலேயே. எட்டுக் காபி கொண்ட தாளுக்கு நூறு ரூபாய் சொன்னால், “பிரிண்ட் போடுறதுக்கா இவ்வளவு?” என்று பேரம் நடக்கிறது. பேப்பருக்கும் மைக்கும் விலை போட்டுப் பார்க்கிறோம். முகம் கழுவச் சொன்னதும், அக்கா வீட்டுக் கதை கேட்டதும், அட்டையை ஒரு சாண் நகர்த்தியதும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. காண்ட்ராக்டர் அன்று கேட்ட தொகையைப் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

தொழில் செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கடைக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவில் சிறு பங்கை ஒதுக்கி, சில வருடங்களுக்கு ஒருமுறை உங்கள் ஊர் ஸ்டுடியோவில் உட்காருங்கள். அரைமணி நேரம் கொடுங்கள். உங்கள் நிறத்தை மாற்ற வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். முழு அளவுக் கோப்பை வாங்கி மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள், பிளெக்ஸ்காரருக்கு அதையே அனுப்புங்கள், வாட்ஸப் படத்தை அனுப்பாதீர்கள். பழைய ஸ்டுடியோ நடத்திய குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: நெகடிவ் பெட்டிகளைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி மின்வடிவில் பாதுகாத்திருக்கிறது. எறிவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.