கோயமுத்தூரின் "கோ"

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் மதுரைக்காரரிடம் கோவையில் என்ன பிரசித்தம் என்று கேட்டால் மில், மோட்டார், சிறுவாணித் தண்ணீர் என்பார். தப்பில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு திருச்சி ரோட்டோரம் மில்களாக முளைத்தன. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ கூட இருந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' (1947) அங்கே எடுத்ததுதான்!

ஆனால் ஊரின் மேற்குக் கோடியில் இன்னொரு கோவை இருக்கிறது. அமெரிக்காவில் இத்தாகா என்றால் கார்னெல் பல்கலைக்கழகம்தான், ஊரே அதை நம்பித்தான். கோவை அப்படி இல்லை. வேளாண் பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால் "லாலி ரோடு போங்க" என்று வழி சொல்வார்கள், அவ்வளவுதான். (லாலி என்பவர் அந்தக் காலத்து மதராஸ் கவர்னர்.) 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-ல் இங்கே இடம் மாறி, 1971-ல் பல்கலைக்கழகமானது.

பக்கத்திலேயே 1912-ல் வந்த கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூக்காது. பூத்தாலும் விதை பிடிக்காது. கோவையில் பூக்கும். பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்து 1918-ல் கோ 205 ரகத்தைக் கொடுத்தார்கள். பஞ்சாப் விவசாயிக்காக உருவான கரும்பு அது. அந்த "கோ" கோயமுத்தூரின் முதலெழுத்து. 2009-ல் வந்த கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்புக் காட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஒரே ரகத்தை அத்தனை பரப்பில் போட்டதன் பலன், பிறகு செவ்வழுகல் நோய் வந்து ஆட்டிவைத்தது.

பெயர் இப்படிப் பரவ, மாவட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. கரூர் 1910-ல் திருச்சியோடு போனது. 1956-ல் கொள்ளேகால் மைசூருக்கு. 1979-ல் ஈரோடு தனி மாவட்டம், 2009-ல் திருப்பூர். ஒரே மாவட்டத்துக்குள் ஓடிய நொய்யல் இப்போது நாலு மாவட்டங்களைத் தாண்டிக் காவிரியில் சேர்கிறது.

அந்த நொய்யல் தண்ணீரில் நிரம்பும் குளங்களில் ஒன்றுதான் சிங்காநல்லூர் குளம். 1981-ல் சிங்காநல்லூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. குளத்துக்குக் கீழே வயலாக இருந்த இடங்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. மனை விற்ற காசில் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்த்தவரைக் குறை சொல்லவும் முடியாதுங்க. தண்ணீரே சாக்கடையாக வரும்போது என்னத்தை நடுவது? 2017-ல் குளத்தைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். பறவைகளுக்காவது நல்லது.

லீவு நாளில் சிங்காநல்லூர்ப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் மேற்கே கூட்டிப் போகிறார்கள், பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகம் பார்க்க. போகிற வழியில் வேலிக்கு அந்தப் பக்கம் நெல் வயல் தெரிகிறது. சில பிள்ளைகள் நெல்லை முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான்.