லேப்டாப் பையும் கட்டைப்பையும்

முதல் வேலை கிடைத்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது: "அக்கா, எந்த பேக் வாங்கலாம்?"

பெரும்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நகரத்துக்குள் போகிறவள் என்பதால் எனக்கு இதில் அனுபவம் உண்டு. கூவம் கரையில் வீட்டை இடித்து, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து போட்டார்கள். பாதி நாள் நின்றபடிதான் பயணம். அதனால் பை சின்னதாக இருக்கட்டும். 14 அங்குல லேப்டாப்புக்கு 15 முதல் 18 லிட்டர் போதும். கூட்டத்தில் கழற்றி நெஞ்சுப் பக்கம் மாட்ட வரவேண்டும். லேப்டாப் வைக்கும் அறை பையின் அடிவரை இறங்காமல் ஒரு விரல் மேலே நிற்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அடிபடும். ஏ4 தாள் மடங்காமல் நிற்க ஒரு தட்டையான அறை அவசியம். நாம் மனுவும் எஃப்.ஐ.ஆர். நகலும் சுமக்கிற ஆட்கள். மழை உறை இல்லாத பை சென்னைக்கு ஆகாது.

தோல் பை வேண்டாம், காலியாகவே கனக்கும். (ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அந்தத் தோலைப் பதனிடும் நம் ஆட்களிடம் பார்க்கிற தீட்டு, பை கடைக்கு வந்ததும் எங்கே போகிறதோ!)

இன்னொன்று: லேப்டாப் பில்லை போனில் படம் எடுத்து வையுங்கள். ராத்திரி எங்கள் பக்கத்துப் பையன்களை நிறுத்தினால், முதலில் ஊர் கேட்பார்கள், அடுத்தது பில். என் தம்பியிடம் இருந்தது அரசு கொடுத்த இலவச லேப்டாப். அதிலிருந்த முதலமைச்சர் படம்தான் அவனுக்கு ரசீது.

அம்மா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறார். வெளியே வரும்போது கேட்டில் அவருடைய கட்டைப்பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அதே கேட் வழியாக நான் இரண்டு முறை லேப்டாப் பையோடு போயிருக்கிறேன், யாரும் தொடவில்லை. மழைக்கு ஆகுமே என்று என் பழைய பையை அம்மாவிடம் கொடுத்தேன். முதல் நாளே வாட்ச்மேன் கேட்டது: "இது யார் வீட்டுப் பை?"

வாட்ச்மேனும் நம்மைப் போல சம்பளத்துக்கு நிற்கிறவர்தான். சோதிக்கச் சொல்லி விதி போட்டது குடியிருப்போர் சங்கம். அதற்கு எழுதிய மனு இப்போது அந்தத் தட்டையான அறையில் இருக்கிறது. அம்மாவோடு வேலை செய்யும் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம். கூட வர முடிந்தவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் அவர்களுக்கு வேலை.