பத்து வீதக் கழிவும் ஒரு புகையிலைக் குடிலும்

யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயியின் விளைபொருள் நிறையில் எடுக்கப்படும் பத்து வீதக் கழிவை நிறுத்தவேண்டும் என்ற செய்தி நமது பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. விவசாயிகள் முறையிடுவார்கள், அதிகாரிகள் கூட்டம் வைப்பார்கள், இனிமேல் இல்லை என்று தலைப்பு வரும். பிறகு அதே முறைப்பாடு திரும்பவும் வரும். அப்படியொரு செய்தியை வாசித்துவிட்டுத்தான் சுன்னாகத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரை அழைத்தேன். "சந்தையைப் பார்த்து என்ன செய்யப்போறீர்? முதல்ல தோட்டத்தைப் பாரும்" என்றார்.

சுன்னாகத்துக்கும் இணுவிலுக்கும் இடையே, காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கிய ஒழுங்கையில் அவர் காட்டிய தோட்டம் இருந்தது. செம்பாட்டு மண். ஒரு பாதியில் வெங்காயம், மறுபாதியில் நெஞ்சளவுக்குப் புகையிலை. தோட்டக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஏன் இரண்டும் என்று கேட்டேன்.

"வெங்காயம் வீட்டுச் செலவுக்குத் தம்பி. போயிலை கலியாணத்துக்கு, கிணறு கட்ட, பெடியனை வெளியில அனுப்ப."

யாழ்ப்பாணத்துப் பொருளாதார வரலாற்றில் பாதியை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கிருந்து புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. ஊரில் அதற்குப் பெயரே மலையாளப் புகையிலை. அங்கே தீர்வை ஏறி வியாபாரம் தளர்ந்தபோது, விவசாயிகள் 1934இல் மலையாளப் புகையிலைக்கென்றே கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். இன்னொரு பக்கம் தெற்கே போனது சுருட்டு. சிங்கள ஊர்களின் சந்திகளில் யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக்கடை இல்லாத இடம் குறைவு.

பெரியவரின் தகப்பனார் தோட்டம் இல்லாத நாட்களில் சுருட்டுக் கொட்டிலுக்குப் போவாராம். ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வரிசையாக இருந்து சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் 'வீரகேசரி', 'ஈழநாடு' பத்திரிகைகளையும் தொடர்கதைகளையும் உரத்து வாசிப்பார். கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் 1865 தொடக்கம் இதே வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத மனிதர்கள் உலக அரசியலை விவாதித்தது அந்தக் கொட்டில்களில்தான்.

நாற்று மேடை, நடுகை, பசளைக் கணக்கு எல்லாவற்றையும் அவர் ஒழுங்காகச் சொன்னார். என் கண்ணோ தோட்டத்து மூலையிலிருந்த குடிலிலேயே நின்றது. யன்னல் இல்லாத, கிடுகு வேய்ந்த தாழ்ந்த குடில். வெட்டி வாட்டிய இலைகளை உள்ளே தடிகளில் நெருக்கமாகத் தொங்கவிட்டு, கீழே பொச்சுமட்டையும் பனை ஊமலும் போட்டுப் புகைமூட்டுகிறார்கள். நெருப்புச் சுவாலை விடக்கூடாது, அணையவும் கூடாது. இரவில் எழும்பி எழும்பிப் பார்க்க வேண்டும். உள்ளே தலையை நுழைத்த நான் அரை நிமிடத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் நிதானமாக நின்று இலையை ஒவ்வொன்றாகத் தடவிப் பதம் பார்த்தார். விரல் நுனிகள் கருமஞ்சளாக இருந்தன. பனி ஈரத்தோடு புகையிலையைக் கையாண்டால் நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தலைச்சுற்றும் வாந்தியும் இந்தத் தொழிலின் கூடப்பிறந்தவை. "நான் வாயில வைக்கிறேல்லை" என்றார். "விக்கிறதோட சரி."

அவர் சிறுவனாக இருந்தபோது தகப்பனார் துலா மிதிக்க, தாய் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற, இவர் வாய்க்கால் மாறிக் கட்டுவார். பிறகு மிசின் இறைப்பு வந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயத்திலும் மிளகாயிலும் கண்ட காசில்தான் கல்வீடு எழும்பியது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டது, விலை விழுந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமமே எழும்பி நடந்தபோது, இவரும் பாயும் பானையுமாகத் தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது குடில் இல்லை, மிசின் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. முதலில் நட்டது புகையிலையைத்தான்.

"ஏன் ஐயா, சனத்துக்குச் சாப்பாடு ஆகிற பயிரை நட்டிருக்கலாமே?"

"வெங்காயத்தை எந்தச் சந்தைக்குக் கொண்டு போனாலும் நூறு கிலோவுக்குத் தொண்ணூறு கிலோவின்ர காசுதான். மிச்சம் பத்து எங்க எண்டு கேட்டா, அது வழமை எண்டுவினம். போயிலைக்கு வியாபாரி இஞ்ச வருவார். கண்டை எண்ணுவார், விலை பேசுவார். எண்ணின கண்டில கழிக்க ஏலாதுதானே."

புகையிலை வியாபாரி புண்ணியவான் என்று இதற்குப் பொருளல்ல. முற்பணம் கொடுத்தவர் சொல்வதே விலை. ஆனாலும் அந்தப் பேரத்தில் விவசாயி சொந்த மண்ணில் நிற்கிறார். சந்தையிலோ, பாரம் இறக்கிய பிறகு திருப்பி ஏற்ற வண்டிக்கூலி இல்லாமல் நிற்கிறார். கிராம் வரை காட்டும் மின்தராசு வந்துவிட்டது. அது காட்டும் கணக்கில் பத்திலொன்றைக் கையால் அடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அழுகல், தூசி, வாட்டம் என்று காரணம் சொல்வார்கள். நல்ல வெங்காயத்துக்கும் அதே பத்துத்தானே! உழாமல், இறைக்காமல், புகை தின்னாமல் ஒவ்வொரு பத்தாவது மூட்டையையும் எடுத்துக்கொள்பவருக்கு வியாபாரி என்று பெயர் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதே நாட்டில் தேயிலைக்கு வேறு நியாயம் இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இன்றைக்கும் ஏல விலை பகிரங்கமாகவே தெரிகிறது. சிறுதோட்டக்காரர் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்கு, விற்ற தேயிலையின் நிகரச் சராசரி விலையில் 68 வீதம் என்று கணக்கு வகுத்திருக்கிறார்கள். அங்கேயும் களவு நடக்கும், ஆனால் எது களவு என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. வெங்காயக்காரனுக்கு வழமை மட்டும்தான் உண்டு.

புகையிலை உயிர்கொல்லி. அதில் எனக்கு மறுபேச்சில்லை. 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்துவோம் என்று மைத்திரிபால சிறிசேன ஆட்சிக்காலத்தில் அறிவித்தார்கள். 2020 வந்து போனது, குடில்களில் புகை எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. மாற்றுப் பயிர் செய் என்று அறிவுரை சொல்லும் அதிகாரிகள், அந்த மாற்றுப் பயிர் சந்தையில் படும் பாட்டை முதலில் பார்க்கட்டும். தடைச்சட்டம் எழுத முன்னர், நூறு கிலோ கொண்டு வருபவனுக்கு நூறு கிலோவின் காசை எண்ணிக் கொடுக்கும் சந்தை ஒன்றையாவது நடத்திக் காட்டட்டும். 1934இல் ஒரு சங்கம் கூட்டத் தெரிந்த ஊருக்கு, வெங்காயத்துக்கு இன்னொன்று கூட்டுவதும் முடியாத காரியமல்ல.