பூமிக்கு ஒரு கம்பி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு டிஷ் நிற்கிறது. அதைப் பொருத்திய பையனிடம், "இதற்கு எர்த் வேண்டாமா, தம்பி?" என்று கேட்டேன். விஷயம் தெரிந்து கேட்கவில்லை. கூலி கொடுக்கும் சமயத்தில் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு வைத்தால் வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம் மதிப்பு என்று நினைத்துக் கேட்டதுதான். "அதெல்லாம் யாரும் போடறதில்லை, சார்" என்றான். யாரும் செய்யாத காரியத்தை நான் ஒருவன் செய்வானேன்? விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்தது. தூறலில் துணி எடுக்க மாடிக்குப் போன அக்கா, கையை உதறிக்கொண்டு இறங்கி வந்தாள். "டிஷ்ஷோட மூக்குக்கிட்ட கை பட்டுது. சுரீர்னுதுடா" என்றாள். இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொள்ளும் பரம்பரை எங்களுடையது. மழை பயத்தில் ஏதோ பிரமை என்று சொல்லிவிட்டேன். மறுவாரமும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை கொஞ்சம் கோபமாக, "கதை கட்டறது உன் தொழில். எனக்கு அது வராது" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எங்கள் வீட்டுப் பத்திரிகையைப் படிக்க வருவார். (தம் வீட்டுப் பத்திரிகையை முடித்துவிட்டுத்தான் வருவார்.) அக்கா சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் போய் டெஸ்டருடன் திரும்பினார். மாடியில், கேபிளைத் திருகியிருந்த உலோக வளையத்தில் அதன் நுனியை வைத்தார். உள்ளிருந்த சின்ன விளக்கு சிவந்து எரிந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெட்டியிலிருந்து மேலே போவது 13 அல்லது 18 வோல்ட் என்கிறார்களே, அது எப்படி அடிக்கும்?" என்று கேட்டேன்.

"அது அடிக்கவில்லை, சார்" என்றார். பெட்டியின் பிளக்குக்கு இரண்டே கால். வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதியிலிருந்து துளித்துளியாக ஒரு கசிவு இருந்துகொண்டே இருக்குமாம். அது கேபிளின் மேலுறைக் கம்பி வழியாக டிஷ் வரை ஏறிவிடுகிறது. இறங்க வழியில்லாமல் காத்திருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் ஒருவர் தொட்டால் அவரே வழி. "இது வெறும் கசிவு. பெட்டிக்குள் காப்பு கெட்டுப்போனால் வருவது முழு 230 வோல்ட்" என்று அமைதியாகச் சொன்னார். அன்று காபி எனக்கு இறங்கவில்லை.

மின்னலைப் பற்றியும் கேட்டேன். நேரே டிஷ்ஷில் இடி விழுந்தால் எர்த் கம்பி காப்பாற்றும் என்று நம்பவேண்டாம் என்றார். வருவது பல்லாயிரம் ஆம்பியர். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றி வைப்பதுதான் புத்தி. ஆனால் அக்கம்பக்கத்தில் விழும் இடி கேபிளில் கிளப்பிவிடும் மின் அழுத்தம் தொலைக்காட்சிக்குள் புகாமல் பூமிக்கு ஓட ஒரு வழி வேண்டும். அமெரிக்க மின்விதி நூலில் 810-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐரோப்பியர் ஒரு சலுகை தருகிறார்கள்: கூரை விளிம்புக்கு 2 மீட்டருக்கு மேல் கீழே, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் டிஷ் இருந்தால் அதைப் பூமியோடு இணைக்காமல் விடலாம். பால்கனிக்காரர்கள் பிழைத்தார்கள். எங்களுடையதோ மொட்டை மாடியில், வீட்டின் உச்சியில்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டிஷ்ஷின் அடியிலேயே ஒரு இரும்புக் கம்பியைத் தனியாக மண்ணில் அடித்துவிட்டால் என்ன என்றேன். அவர் பதறிப் போனார். ஒரு வீட்டுக்கு இரண்டு எர்த் தனித்தனியாக இருந்தால், இடி விழும் நேரத்தில் ஒன்று மேடாகும், மற்றது பள்ளமாகும். நடுவில் கிடக்கும் தொலைக்காட்சி வழியாகத்தான் மின்சாரம் பாயும். ஆகையால் டிஷ்ஷின் கால், கேபிளின் மேலுறை எல்லாம் வீட்டின் பழைய எர்த்திலேயே போய்ச் சேரவேண்டும்.

பழைய எர்த்தைத் தேடினோம். சுவரில் மூன்று துளைப் பலகைகள் லட்சணமாகத்தான் இருந்தன. பெரிய துளைக்குப் பின்னால் கம்பி இருந்தது. தோட்டத்தில் அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் இல்லை. மதில் சுவரை இடித்துக் கட்டியபோது கடப்பாரைக்கு இரையாகியிருக்கிறது. எத்தனை வருஷமாக எங்கள் கிரைண்டரும் குளிர்பெட்டியும் நிராதரவாக நின்றனவோ! எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுத்து, மாடியிலிருந்து செப்புக் கம்பியை வளைவில்லாமல் இறக்கி அதில் சேர்த்தோம்.

அக்கா மாடிக்குப் போய்ப் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். "இப்போ இல்லை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கோடையில் குழி காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று அவர் சொல்லியிருந்தார். பங்குனியிலிருந்து தினமும் காலையில் துளசிக்கு ஊற்றிய கையோடு அதற்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாள்.