சம்பா மலைக் காவலன்

ஹிமாசலத்துச் சம்பா மலையில் ஆட்டு மந்தையொன்று எதிர்ப்பட்டதும் நாம் வழிவிட்டு ஒதுங்கினோம். ஆடுகளுக்கு அஞ்சியன்று; கூடவே வந்த கத்தி நாய்க்கு அஞ்சியே! ('கத்தி' என்பது அங்குள்ள இடையர்களின் குலப்பெயர், நம் வீட்டுக் கத்தியன்று.) அடர்ந்த சடைமயிர், கழுத்திலே முள் வைத்த இரும்புப் பட்டை. சிறுத்தை கவ்வ வருவது குரல்வளையை அல்லவா?

கோடையில் பனிக்கணவாய் தாண்டி லாஹூலுக்கும், குளிர்காலத்தில் காங்க்ராவுக்கும் மந்தையுடனேயே அது நடக்கிறது. இரவில் இடையன் உறங்குவான். நாயோ யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் காவல் புரியும்.

குட்டியொன்றை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவர நமக்கும் ஆசைதான். சித்திரை வெயிலையும் வாசல் சங்கிலியையும் நினைத்தோம். ஆசையை அங்கேயே விட்டு வந்தோம். மந்தையை இழந்த காவலனுக்கு எஜமானர் வாய்த்து என்ன பயன்?