மந்திரி குமாரியும் எங்க ஊர் அம்மனும்

கருப்பு வெள்ளைப் படம் என்றாலே ஓடுகிற ஆளா நீங்க? அப்படின்னா 'மந்திரி குமாரி'யை மட்டுமாவது ஒருமுறை பார்த்துடுங்க. 1950-ல் வந்த படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, மு.கருணாநிதி வசனம். எல்லிஸ் ஆர்.டங்கனும் டி.ஆர்.சுந்தரமும் இயக்கியது. எம்.ஜி.ஆர் இருக்கிறார். ஆனா என்னைக் கேட்டால் படம் அவருடையது இல்லை. மந்திரி மகள் அமுதவல்லியாக வரும் மாதுரி தேவியுடையது.

ராஜகுருவின் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ.நடராஜன்) ராத்திரியானால் கொள்ளைக்காரன். அவன் மேல்தான் அமுதவல்லிக்குக் காதல். தளபதி எம்.ஜி.ஆர் அவனைப் பிடித்து வந்து நிறுத்தும்போது, இவள் அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அம்மனே பேசுவது போல அவனை நிரபராதி என்று சொல்லிவிடுகிறாள். ராஜாவும் நம்பிவிடுகிறார். பாவம், நாடு கடத்தப்படுவது தளபதி!

ஆக, ஏமாற்றுகிறவன் அவன் மட்டும் இல்லை. அவளும்தான்.

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த அந்த மலை உச்சி. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் பாட்டோடு அவளைக் கொல்ல அழைத்துப் போகிறான். கடைசி ஆசையாக அவனைச் சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்கிறாள். சுற்றுகிறாள், தள்ளிவிடுகிறாள். காப்பாற்ற எந்தக் கதாநாயகனும் குதிரையில் வரவில்லை.

இது கருணாநிதி புதுசாக யோசித்ததும் இல்லை. குண்டலகேசி கதைதான். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, சில பாடல்கள் தவிர நூலே நமக்குக் கிடைக்கவில்லை. அதிலும் கள்வனைக் காதலித்தவள் அவனை மலையிலிருந்து தள்ளிவிட்டுத்தான் பிழைக்கிறாள்.

எங்க ஊர் படவேட்டிலும் ஒரு கதை உண்டு. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோவிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலை ரேணுகா ஒரு நொடி ரசித்தாள், அவ்வளவுதான். புருஷன் ஜமதக்னி சொல்ல, பெற்ற பிள்ளை பரசுராமனே அவள் தலையை வெட்டினான். இன்றைக்கும் கருவறையில் நாம் கும்பிடுவது அந்தத் தலையைத்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரேணுகா பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அமுதவல்லி சொன்ன பொய்யால் ஒரு நிரபராதியின் வாழ்க்கையே திசைமாறியது. ஆனாலும் தன் கணக்கைத் தானே தீர்க்க அவளுக்கு ஒரு மலை உச்சியாவது கிடைத்தது.

நம்ம பக்கம், வேண்டாதவனை விரும்பினாள் என்று கொன்றுவிட்டு அப்புறம் சாமியாக்கிக் கும்பிடுவது புதுசில்லை. குண்டலகேசியை யாரும் சாமியாக்கவில்லை. அவள் மலையிலிருந்து உயிரோடு இறங்கினாள், ஊர் ஊராகப் போய் பண்டிதர்களோடு வாதம் செய்தாள், பௌத்தத் துறவியானாள்.

எனக்கென்னவோ அந்த முடிவுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு?